தத்தளிப்போரும் சிறுபடகும்

நீரில் மூழ்குகிறவர் எப்படி இருப்பார் என்று நம் மாணவியரைக் கேட்டால், பெரும்பாலோர் திரைப்படத்தில் கண்டதையே சொல்வர். இரு கைகளையும் உயர்த்தி ஆட்டுவார், "காப்பாற்றுங்கள்!" என்று கூவுவார், தண்ணீரை அடித்துத் தெறிக்கச் செய்வார். கேட்பதற்குச் சரியாகத் தோன்றினாலும் உண்மை வேறு. மூழ்குகிறவர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. பத்தடி தூரத்தில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்கு அமைதியாக அது நடந்து முடிந்துவிடுகிறது.

இதனை ஊன்றிக் கவனித்து உலகுக்கு விளக்கியவர் பிராங்க் பியா என்னும் அமெரிக்க உயிர்காப்பாளர். நியூயார்க் நகரின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் பணியாற்றிய அவர், அங்கே உண்மையாகவே மூழ்கிக்கொண்டிருந்தவர்களும் மீட்கப்பட்டவர்களும் பதிவான படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஆராய்ந்தார். அவர் கண்டது இதுதான். மனித உடலுக்கு மூச்சே முதல் வேலை. பேச்சு அதற்குப் பிந்தியது. வாய் நீருக்கு அடியில் போவதும் ஒரு நொடி மேலே வருவதுமாக இருக்கும்போது, மூச்சை விட்டு வாங்குவதற்கே நேரம் போதாது, கூவுவது எப்படி? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்குகின்றன. அது மனம் சொல்லிச் செய்வதன்று, உடம்பு தானே செய்வது. ஆகவே அவரால் கையசைக்கவும் முடியாது. எறிந்த கயிற்றை எட்டிப் பிடிக்கவும் முடியாது. உடல் நெட்டுக்குத்தாக நிற்கும், கால்கள் உதைப்பதில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தோடு ஒட்டியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஏணியொன்றில் ஏற முயல்வதுபோல் தோன்றும். இந்நிலை 20 முதல் 60 நொடி வரைதான் நீடிக்கும்.

இதற்கு முந்திய நிலை ஒன்று பலருக்கு உண்டு. களைப்பினாலோ, கால் தசைப்பிடிப்பினாலோ, பயத்தினாலோ ஒருவர் முன்னேற முடியாமல் தத்தளிக்கிறார். ஆனால் அவருக்கு இன்னும் தன்னினைவு இருக்கிறது. கூப்பிட முடிகிறது, கையசைக்க முடிகிறது, நீட்டியதைப் பற்றிக்கொள்ளவும் முடிகிறது. எல்லாரும் இந்த நிலையைக் கடந்துதான் மூழ்குவர் என்பதில்லை. கடப்பவர்களுக்கோ, இந்தச் சில நிமிடங்களே வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்தச் சில நிமிடங்களுக்குள் போய்ச் சேர்வதற்கு ஏற்ற ஒரு சிறுபடகைப் பற்றியும், அதில் இருப்பவர் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

அந்தப் படகின் பெயர் கயாக். வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனுவிட் மக்கள் கண்டுபிடித்தது. மரமே முளைக்காத நாடு அது. கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய கட்டைகளையும் எலும்புகளையும் கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, ஒரே ஓர் ஆள் இடுப்பளவு நுழையும் துளை விட்டுச் செய்தனர். வேட்டைக்குப் போகும் ஆடவருக்கு உரியது கயாக். குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய திறந்த படகுக்கு உமியாக் என்று பெயர்; அதைப் பெண்களின் படகு என்றே அழைத்தனர். (சுமை எங்கேயோ அங்கே பெண்கள் என்னும் வழக்கம் பனிநாட்டிலும் இருந்திருக்கிறது!) இன்றைய கயாக்குகள் பிளாஸ்டிக்காலும் கண்ணாடி இழையாலும் ஆனவை. துளைக்குள் நுழைந்து உட்காருவது ஒரு வகை. தட்டையான மேற்பரப்பின்மேல் அமர்வது மற்றொரு வகை. இரண்டுக்கும் துடுப்பு ஒன்றே. இரு முனையிலும் அலகு உடையது.

மீட்புப் பணிக்கு இதனிடம் நல்ல குணங்கள் பல உண்டு. விசைப்படகுக்கு இருப்பதுபோல் சுழலும் விசிறி இல்லை. ஆகவே நீந்துவோர் கூட்டத்தின் நடுவே புகுந்து சென்றாலும் எவரையும் வெட்டிவிடாது. இரைச்சல் இல்லை, ஆகவே மெல்லிய குரலும் காதில் விழும். ஓட்டுபவரின் முகம் நீரிலிருப்பவரின் முகத்துக்கு அருகிலேயே இருக்கும். கெட்ட குணம் ஒன்றே ஒன்று, எளிதில் கவிழும். இந்த ஒரு குணத்தை மறந்தால் மற்ற நல்ல குணங்கள் யாவும் பயனற்றுப் போகும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் அல்கட்ராஸ் என்றொரு பாறைத் தீவு இருக்கிறது. 1934 முதல் 1963 வரை அங்கே கடுஞ்சிறை ஒன்று நடந்தது. தப்பியோடுகிறவர்களைக் குளிர்ந்த நீரும் விரைந்தோடும் நீரோட்டமுமே தடுத்துவிடும் என்பது அந்நாளைய நம்பிக்கை. இன்றோ அத்தீவின் அருகிலிருந்து கரை வரை, ஏறத்தாழ ஒன்றரை மைல் தூரம், நூற்றுக்கணக்கானோர் பந்தயமாகவே நீந்துகின்றனர். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த முப்போட்டி ஒன்று 1981 முதல் அங்கே நடந்து வருகிறது. நீந்துவோரோடு கயாக் ஓட்டிகள் அணியணியாகக் கூடவே செல்வர். வழி தவறுபவரைத் திருப்பிவிடுவதும், களைத்தவரைத் தாங்குவதும், தத்தளிப்பவரைக் கண்டுபிடிப்பதும் அவர்கள் வேலை.

இது வீண் ஏற்பாடு அன்று. 2006 ஜனவரி முதல் 2008 செப்டம்பர் வரை அமெரிக்காவில் முறைப்படி நடந்த முப்போட்டிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் நேர்ந்த இறப்புகள் 14. அந்தப் பதினான்கில் 13 நீச்சலின்போது நிகழ்ந்தவை! மிதிவண்டியிலிருந்து விழுந்து அடிபடுவதுதான் பேராபத்து என்று நாம் நினைத்திருப்போம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் திறந்த நீர் வேறு வகையான சோதனை என்பதையே இது காட்டுகிறது. நீச்சற்குளத்தில் அடி தெரியும், எதிர்ச்சுவர் தெரியும், களைத்தால் பிடித்துக்கொள்ள விளிம்பு உண்டு. கடலில் இவற்றில் ஒன்றும் இல்லை.

குளிரும் ஓர் எதிரி. வெதுவெதுப்பான வங்கக் கடலில் கால் நனைத்தே பழகிய நமக்கு இது எளிதில் விளங்காது. காற்றைவிட நீர் உடற்சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். கனடா நாட்டுப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு நேர்வதை 1, 10, 1 என்னும் மூன்று எண்களில் அடக்கிச் சொல்வார். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும்; அதை அடக்கியாக வேண்டும். அடுத்த 10 நிமிடமே கைகால்கள் பயனுள்ளபடி அசையும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். ஆகவே குளிர்நீரில் ஒருவர் கயிற்றைப் பிடிக்க மாட்டாமல் விடுகிறார் என்றால், அது அவருடைய மனத்தளர்ச்சி அன்று. விரல்கள் மடங்க மறுக்கின்றன. அத்தகையவரிடம் "கெட்டியாகப் பிடியுங்கள்" என்று கத்துவதில் பயனில்லை.

கயாக்கில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது துடுப்பு வலிப்பதன்று, பார்ப்பது. சீராகக் கைவீசிக்கொண்டிருந்தவர் திடீரென நின்று நிமிர்கிறாரா? எல்லாரும் ஒரு திசையில் போக, ஒருவர் மட்டும் வேறு பக்கம் போகிறாரா? முன்னோக்கி நீந்துகிறவர் மல்லாந்து படுத்துவிட்டாரா? கைவீச்சு நிமிடத்துக்கு நிமிடம் குறைகிறதா? தலைமயிர் கண்ணை மறைத்தும் அதை ஒதுக்காமல் இருக்கிறாரா? இந்தக் கடைசி அடையாளம் சின்னதுதான். ஆனால் அனுபவம் வாய்ந்தவர்கள் இதற்கு மிகுந்த மதிப்புத் தருவர். முகத்தில் விழும் மயிரை ஒதுக்கக்கூடக் கை ஒழியவில்லை என்றால், அந்தக் கைகள் வேறு வேலையில் இருக்கின்றன என்பதுதானே பொருள்!

ஐயம் தோன்றினால் அருகே சென்று பேச வேண்டும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதைவிட "உங்கள் பெயர் என்ன?" என்பது நல்ல கேள்வி. முன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டிச் சமாளித்துவிடலாம். பின்னதற்கு வாய் திறந்தே ஆகவேண்டும். பெயரைத் தெளிவாகச் சொன்னால் மூச்சு இருக்கிறது. குழறினாலோ, கேள்வியே புரியாமல் விழித்தாலோ, குளிர் மூளை வரை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். பதிலே வராவிட்டால் மறுபடி கேட்டுக்கொண்டு நிற்கலாகாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். களைத்துப்போன நீச்சல்காரர் பலர் உதவியை வேண்டாம் என்று மறுப்பர். காரணம், படகைத் தொட்டால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்னும் அச்சம். ஆங்கிலக் கால்வாயைத் தனியே நீந்திக் கடக்கும் முயற்சியில் இது உண்மைதான்; துணைப்படகைத் தொட்டால் அம்முயற்சி முடிந்தது. அந்தக் கால்வாயை 1959-இல் நீந்திக் கடந்து, ஆசியப் பெண்களுள் முதல்வர் என்னும் பெருமையைப் பெற்ற ஆரத்தி சாகாவும் இந்த விதிக்கு உட்பட்டே நீந்தினார். முப்போட்டிகளில் அப்படி இல்லை. நின்றுகொண்டிருக்கும் படகையோ மிதவையையோ பற்றி இளைப்பாறலாம். அதைப் பற்றிக்கொண்டு முன்னேறுவதுதான் கூடாது. இந்த விதியை அறியாமல், அல்லது அவசரத்தில் மறந்து, தனியே போராடிப் போராடி மூச்சுத் திணறுவோர் உண்டு. ஆகவே கயாக் ஓட்டி முதலிலேயே, "சற்றுப் பிடித்து இளைப்பாறுங்கள்; விதி அனுமதிக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். அரை நிமிட ஓய்வில் மூச்சு சீராகி, பலர் தாமாகவே மீண்டும் நீந்திப் போய்விடுகின்றனர். உயிர்காப்புப் பணியில் மிகப் பெரும் பகுதி இப்படி ஓசையின்றி நடந்து முடிவதுதான். பத்திரிகையில் வராது, பதக்கமும் கிடையாது.

இனி நெருங்கும் முறை. எடுத்த எடுப்பிலேயே தத்தளிப்பவரின் பக்கத்தில் போய் நிற்கலாகாது. ஒரு படகு நீளத் தூரத்தில் நிறுத்தி, முதலில் பேச வேண்டும். அலை வரும் பக்கத்தில் படகு இருந்தால், அடுத்த அலை படகைத் தூக்கி நீரில் இருப்பவரின் தலைமேல் போடும். ஆகவே அலை முதலில் அவரைத் தொட்டு, பிறகு படகைத் தொடும்படி நிற்பது நல்லது. சொல்லும் சொற்கள் குறைவாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. "என்னைப் பாருங்கள்." பார்த்தபின், "மூச்சு விடுங்கள்." விட்டபின், "இந்த முனையைப் பிடியுங்கள்." பயந்துபோனவருக்கு மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் ஏறாது.

எந்த முனை? படகின் முன்முனை அல்லது பின்முனை. நடுப்பகுதி ஒருபோதும் கூடாது. ஏன் என்பதற்குப் பௌதிக வகுப்பில் படித்த நெம்புகோலை நினைத்துக்கொண்டால் போதும். கயாக்கின் அகலம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. பக்கவாட்டில் ஒருவர் தொங்கினால், அவர் பாரம் நடுக்கோட்டிலிருந்து விலகி நின்று படகை ஒரு புறமாகச் சாய்க்கிறது. அதைத் தடுக்க அந்தச் சிறிய அகலமே இருக்கிறது. முனையில் தொங்கினாலோ பாரம் நடுக்கோட்டிலேயே விழுகிறது; அதை எதிர்க்கப் படகின் முழு நீளமும், அதாவது மூன்று நான்கு மீட்டர், துணை நிற்கிறது. முனை சற்றுத் தாழும், அவ்வளவே. இன்னொரு நுட்பமும் உண்டு. நீருக்குள் இருக்கும்வரை உடம்பின் எடையைப் பெரும்பாலும் நீரே தாங்குகிறது. தோளும் மார்பும் நீரை விட்டு எழும்பிய உடனே அந்த எடை முழுதும் படகின்மேல் இறங்கும். ஆகவே, "ஏற வேண்டாம், தோள் நீருக்குள் இருக்கட்டும், படகு உங்களைத் தாங்கும்" என்று சொல்ல வேண்டும். ஏறத் துடிப்பவருக்கு இது கடினமான கட்டளைதான்.

முன்முனையை மீனவர் அணியம் என்பர். அணியத்தைக் கைகளாலும் கால்களாலும் கட்டிக்கொண்டு, ஓட்டுபவரை நோக்கி முகம் திருப்பித் தொங்குவது ஒரு முறை. தென்னையை அணைத்திருப்பவரைக் கிடையாகப் படுக்கவைத்தாற்போல் இருக்கும். இதில் முகம் கண்முன்னே இருப்பதால் உதடு நீலம் பாய்கிறதா, கண் சொருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே துடுப்பு வலிக்கலாம். பின்முனையைப் பிடிக்கச் செய்தால் படகு நேராகப் போகும். அவரும் காலால் உதைத்து உதவலாம். ஆனால் அவர் பிடியை விட்டுவிட்டாலும் நமக்குத் தெரியாது. ஆகவே பேச்சுக் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். பேச்சு நின்றால் திரும்பிப் பார்க்க வேண்டும். தட்டையான கயாக்காக இருந்தால், பின்முனை வழியாக ஊர்ந்து ஏறிக் குப்புறப் படுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

படகின் பக்கவாட்டில் எவரையும் ஏற்றலாகாது என்னும் இந்தப் பாடம் கயாக்குக்கு மட்டும் உரியதன்று. ஐடா லூயிஸ் என்னும் வீரமங்கையின் வரலாறு இதற்குச் சான்று. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் துறைமுகத்தினுள் லைம் ராக் என்ற சிறு பாறைமேல் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. அதன் காவலரான ஐடாவின் தந்தை, அங்கே குடியேறிய சில மாதங்களிலேயே பக்கவாதத்தில் விழுந்தார். 1842-இல் பிறந்த ஐடா அப்போது பதின்பருவச் சிறுமி. தாயோடு சேர்ந்து விளக்கைக் கவனித்துக்கொண்டாள். தம்பி தங்கையரைப் படகில் ஏற்றித் தானே துடுப்பு வலித்துக் கரையிலுள்ள பள்ளிக்கும் கொண்டுபோய் விட்டாள். 1869 மார்ச் 29 அன்று புயலில் ஒரு படகு கவிழ்ந்தது. சளி பிடித்துப் படுத்திருந்த ஐடா, மேலங்கியும் காலணியும் இன்றி ஓடிப்போய், தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு படகை எடுத்தாள். இரு போர்வீரர்களைக் காப்பாற்றினாள். அவர்களுக்குப் படகோட்டி வந்த சிறுவனோ முன்பே மூழ்கிவிட்டான்.

ஐடா நீரிலிருப்பவரைப் பின்முனை வழியாகவே உள்ளே இழுப்பாள். பக்கவாட்டில் இழுத்தால் படகு கவிழும் என்று தந்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நனைந்த கம்பளி உடுப்போடு, சாவுப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும் வாட்டசாட்டமான ஆண்களை ஒல்லியான ஒரு பெண் மீண்டும் மீண்டும் மீட்க முடிந்ததென்றால், அது தோள் வலிமையால் மட்டும் அன்று. எந்த இடத்திலிருந்து இழுப்பது என்று அறிந்திருந்ததால்தான். அவள் காத்த உயிர்கள் 18 என்று கணக்கிடப்பட்டுள்ளது. 1879-இல் அவளே கலங்கரை விளக்கத்தின் அதிகாரப்பூர்வக் காவலரானாள். 1881-இல், பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்த இரு வீரர்களை மீட்டதற்காக அரசின் தங்கப்பதக்கம் பெற்றாள். 1911-இல் மறைந்தாள். பெண்கள் துடுப்பு வலிப்பது பெண்மைக்கு அழகா என்று அந்நாளையப் பத்திரிகைகள் விவாதித்தனவாம்! 1924-இல் அந்தப் பாறைக்கே அவள் பெயர் சூட்டப்பட்டது.

மீண்டும் கயாக்குக்கு வருவோம். எல்லாரும் சொன்னபடி கேட்பார்கள் என்பதில்லை. அச்சத்தின் பிடியில் இருப்பவர் கண்ணில் படுவதையெல்லாம் பற்றி அதன்மேல் ஏறப் பார்ப்பார். படகைக் கண்டால் படகின்மேல்; ஆளைக் கண்டால் ஆளின்மேல். அவர்மீது குற்றமில்லை. ஆனால் கயாக் கவிழ்ந்தால் நீரில் தத்தளிப்போர் இருவராவர். காப்பவர் ஒருவரும் இல்லை. ஆகவே அவர் பாய்ந்து வரும்போது துடுப்பைப் பின்னோக்கி வலித்து விலகுவதே சரி. பார்ப்பவர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். விலகிக்கொண்டே ஒரு மிதவையை அவர் மார்புக்கு நேராகத் தள்ளிவிட வேண்டும். மிதவை மார்பில் பட்டு அதைக் கட்டிக்கொண்டவுடன் பலருக்கு அச்சம் பாதி தணியும். பிறகு முனையைக் கொடுக்கலாம். இன்னொரு கயாக் வந்துவிட்டால் வேலை எளிது. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக அணைத்துப் பிடித்துக்கொண்டால், கவிழும் படகுகள் இரண்டும் சேர்ந்து கவிழாத ஒரு தெப்பமாகிவிடுகின்றன.

ஒருவர் மீட்பில் இறங்கும்போது மற்றவருக்குத் தெரிய வேண்டும். ஊதலை மூன்று முறை நீளமாக ஊதுவதும், துடுப்பைத் தலைக்குமேல் ஆட்டுவதும் வழக்கமான அடையாளங்கள். எதுவாயினும் கரையை விட்டுப் புறப்படுமுன் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தத்தளிப்பவரைக் கரை வரை இழுத்துச் செல்வது கயாக்கின் வேலையன்று. விசைப்படகு வரும்வரை தாங்கி நிற்பதே அதன் வேலை. கயாக் ஓட்டியும் மிதவை அங்கி அணிந்தே ஆகவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நினைவற்றவரைக் கண்டால் நிலைமை வேறு. அவருக்கு எந்தக் கட்டளையும் பயன்படாது. முகம் நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஊதலால் உதவி கேட்டு, மிக விரைவில் கெட்டியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கயாக்கின்மேல் வைத்து மார்பை அழுத்திச் சிகிச்சை செய்ய இயலாது. கரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இல்லையெனில் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு இதயம் நிற்பது பிராணவாயு இல்லாமையால். ஆகவேதான் மூச்சு முதலில். ஐந்து மூச்சு ஊதிவிட்டு, 30 முறை மார்பை அழுத்தி, இரு மூச்சு ஊதி, மீண்டும் 30 அழுத்தம் என்று தொடர்வது ஐரோப்பிய மருத்துவர் குழுவின் நெறி. தலைகீழாகப் பிடித்து ஆட்டுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது போன்ற பழைய முறைகள் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. இவற்றை இன்று மருத்துவர்கள் ஏற்பதில்லை; அமுக்குவதால் இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலில் புகுந்துவிடும். குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் ஹோல்கர் நீல்சன் முறையை நம் அன்னையர் சிலர் சாரணியர் வகுப்பில் படித்திருக்கலாம். அதுவும் இப்போது வழக்கிலில்லை. எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசினாலும், மூழ்கியவரை மருத்துவமனைக்கு அனுப்பியே ஆகவேண்டும். நுரையீரலில் சென்ற நீரின் விளைவு சில மணி நேரம் கழித்துத் தெரியக்கூடும்.

"நம் ஊரில் கயாக் எங்கே இருக்கிறது? இதைப் படித்து நாங்கள் என்ன செய்வது?" என்று மாணவியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மிடம் கட்டுமரம் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டமரான் என்று வழங்கும் சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதாகையால் நீர் புகுந்து நிறையும் வயிறு அதற்குக் கிடையாது. நீர்மட்டத்தோடு தாழ்ந்து கிடப்பதால் கடலில் விழுந்தவர் எளிதில் தொற்றி ஏறலாம். தட்டையான கயாக்கின் சிறப்பாக இன்று சொல்லப்படுவனவும் இவையே. இப்போது பல கடலோர ஊர்களில் கண்ணாடி இழைப் படகுகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. உள்நாட்டில் ஏரிக்கும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகும் நம் பெண்பிள்ளைகளுக்கோ எந்தப் படகும் இல்லை.

ஆனால் கயாக்கின் பாடம் படகைப் பற்றியதன்று, இடைவெளியைப் பற்றியது. உயிர்காப்புப் பயிற்சியில் ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் கரையில் நின்றபடி கம்பு, கழி, துணி எதையாவது நீட்டு. எட்டாவிட்டால் மிதப்பதை எறி. அதுவும் எட்டாவிட்டால் படகில் செல். நீந்திச் செல்வது கடைசி, அதுவும் பயிற்சி பெற்றவர்க்கு மட்டும். கயாக் இந்த வரிசையில் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் படகு வேண்டியதில்லை.

2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் தடுப்பணை அருகே குளிக்கச் சென்றவர்களில் ஏழு பேர் மூழ்கி இறந்தனர். ஏழு பேரும் பெண்கள். அவர்களுள் சிறுமியரும் இருந்தனர். ஆழத்தில் சிக்கியவர்களைக் காக்கப் போனவர்களும் சேர்ந்தே போய்விட்டனர். அன்புதான் அவர்களை இறங்க வைத்தது. அக்காள் மூழ்கக் கண்ட தங்கையிடம், தோழி மூழ்கக் கண்ட தோழியிடம், "இறங்காதே" என்று சொல்வது எளிதன்று. கையில் வேறொன்றும் இல்லாதபோது அந்தச் சொல்லுக்குப் பொருளும் இல்லை. ஆகவே கையில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

2020 ஆகஸ்டு மாதம் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரையில் மருதையாற்று நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கத் தொடங்கினர். அங்கே இருந்த மூன்று பெண்கள், உடுத்தியிருந்த சேலைகளையே களைந்து அவர்களை நோக்கி எறிந்தனர். இருவர் பற்றிக்கொண்டனர், கரையேறினர். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அம்மூவருக்கும் அவ்வாண்டுக்கான கல்பனா சாவ்லா விருதைத் தமிழக அரசு வழங்கியது. ஏட்டில் படித்து அறியாவிட்டாலும், அவர்கள் செய்தது மேலே சொன்ன வரிசையின் முதல் படியேயாகும்.

சேலையைவிட நல்ல கருவி நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. ஐந்து லிட்டர் எண்ணெய் வரும் பிளாஸ்டிக் கேன் காலியானதும் கழுவி எடுத்துக்கொள்ளலாம். வெறும் கேனை எறிந்தால் காற்றில் திசை மாறிப்போகும். ஆகவே உள்ளே இரண்டு விரற்கடை அளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக மூட வேண்டும். கைப்பிடியில் பத்து மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றாமல் காலடியில் வைத்து மிதித்துக்கொள்ள வேண்டும். கையில் சுற்றினால் தத்தளிப்பவர் இழுக்கும்போது நாமும் உள்ளே போவோம். எறியும்போது ஆளைக் குறி வைக்கலாகாது. அவர் தலைக்கு அப்பால் விழும்படி எறிந்து, கயிறு அவர் தோள்மேல் படும்படி மெல்ல இழுக்க வேண்டும். அவர் பிடித்ததும் தரையில் உட்கார்ந்தோ படுத்தோ இழுப்பது நல்லது. நின்று இழுத்தால் ஈரக்கரை வழுக்கும். பள்ளி விளையாட்டுத் திடலில் கோடு போட்டு, அப்பால் ஒரு தோழியை உட்காரவைத்து எறிந்து பழகலாம். முதல் நாளில் பத்தில் மூன்று விழுந்தாலே பெரிது.